எட்டரை மணி மழை

மழைக்காலத்தில் யாராவது என்னிடம், "நேத்து எவ்வளவு மழைங்க பேஞ்சுது?" என்று சாதாரணமாகக் கேட்டால்கூட இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும். கேட்டவருக்கு ஒன்றும் தெரியாது. பதில் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். இத்தனை வருடமாக இதை யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் மறதி இல்லை, வெட்கம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் பீளமேட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். படித்து முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் அறைக்குள் போக வேண்டுமானால் செருப்பை வெளியே கழற்ற வேண்டும். தூசி பட்டால் மிஷின் கெட்டுவிடுமாம். வாசலில் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு ஜோடிகளில் பெண் செருப்பு என்னுடையது ஒன்றுதான். அந்த ஒரு ஜோடியால் எனக்கு வந்த திமிர் இருக்கிறதே, அதை இப்போது நினைத்தால் என்னை நானே இரண்டு அறை அறையலாம் போலிருக்கிறது.

வேலை இதுதான். மேற்கே மலையில் மழை பெய்தால் நொய்யலில் எப்போது, எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். ஒரு அரசுத் துறை எங்கள் கல்லூரியிடம் அதைக் கேட்டிருந்தது. கையில் இரண்டு ப்ரோகிராம்கள் இருந்தன. ஒன்று நிலத்துக்கானது, பெய்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் போகும், எவ்வளவு சரிவில் வழிந்து ஓடைக்கு வரும் என்று சொல்லும். இன்னொன்று ஆற்றுக்கானது, ஓடையில் வந்து சேர்ந்த தண்ணீர் எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போகும், மட்டம் எவ்வளவு ஏறும் என்று சொல்லும். இரண்டும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு ஊரில் எழுதியவை. சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட பங்காளிகள்போல ஒன்றுக்கு ஒன்று பேசாது. அவற்றைப் பேச வைக்க நடுவில் ஒரு மூன்றாவது ப்ரோகிராம் வேண்டும். மழைக் கணக்கின் விடையை வாங்கி, ஆற்றுக் கணக்குக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த மூன்றாவது என் பொறுப்பு.

கணபதியில் எங்கள் வீட்டுக்கு முன்புறம் அப்பாவின் லேத் பட்டறை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்டால் அம்மா விடமாட்டாள். "இவளுக்கு மாப்பிள்ளை பாக்கத் தரகரைத் தேடிட்டு இருக்கறமுங்க. இவ என்னடான்னா மழைக்கும் ஆத்துக்கும் தரகு பாக்கறாளாமா" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

நாலு மாதத்தில் எழுதி முடித்தேன். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வெள்ளத்தை எடுத்துக்கொண்டோம். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில் வந்தது. மலையில் ஓர் எஸ்டேட்டில் எடுத்த மழை அளவு இருந்தது. மலையடிவாரத்தில் ஒரு சின்ன அணைக்கட்டில் எழுதிய நீர்மட்டப் பதிவேடும் இருந்தது. அந்தப் பதிவேட்டைத் துறையிலிருந்து வாங்கி வந்து நானேதான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். தேதி, மணி, மட்டம் என்று மூன்று கட்டம். நாலாவதாக அகலமாக ஒரு கட்டம் இருந்தது. மேலே 'குறிப்பு' என்று போட்டிருந்தது. அதில் தமிழில் என்னவோ நுணுக்கி எழுதியிருந்தார்கள். ப்ரோகிராம் எண்களை மட்டும்தான் வாங்கும்; ஓர் எழுத்து வந்தாலும் நின்றுவிடும். அதனால் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டேன். கம்ப்யூட்டருக்குத் தேவையில்லை, சரி. நானாவது படித்திருக்கலாம் அல்லவா? படிக்கவில்லை.

ஓட்டிப் பார்த்தோம். பிரிண்டர் கறக் கறக்கென்று தாளைத் தள்ளியது. பதிவேட்டு மட்டம் வட்டங்களாகவும் எங்கள் கணக்கு நட்சத்திரங்களாகவும் விழ வேண்டும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் வெற்றி. விழவில்லை. பதிவேட்டில் வெள்ளம் காலை ஆறு மணிக்கே உச்சத்தில் நிற்கிறது. எங்கள் கணக்கிலோ அன்று இரவு ஒன்பதரை மணிக்குத்தான் உச்சம் வருகிறது. காலை ஆறு மணிக்கு எங்கள் கணக்குப்படி மலையில் மழையே சரியாகப் பிடித்திருக்கவில்லை.

நான் நிலத்துக்கான ப்ரோகிராமைத் தனியே சோதித்தேன். சரியாக இருந்தது. ஆற்றுக்கானதைத் தனியே சோதித்தேன். அதுவும் சரி. நடுவில் இருந்ததைச் சோதிக்கவில்லை. அது நான் எழுதியது, அதில் எப்படித் தப்பு வரும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஒரு படி மேலே போய், கூடம் கட்டினவனையே பிடித்துக்கொண்டேன்.

"பதிவேடு பொய் சார்" என்று பேராசிரியரிடம் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கும்மா. ஊட்டுல உக்காந்தே எழுதிடுவாங்க சில பேரு. எதுக்கும் நேர்ல ஒருதரம் போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

போனேன். டவுன் பஸ் கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து தென்னந்தோப்புகளுக்கு நடுவே அரைமணி நடை. அந்த அணைக்கட்டுக்கு ஒரு லஸ்கர் இருந்தார். மதகைத் திறந்து மூடுவதும், ஆற்றில் இறங்கும் படிக்கட்டுச் சுவரில் பெயின்டால் எழுதிய அளவைப் பார்த்து நீர்மட்டம் எழுதுவதும் அவர் வேலை. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். பதினோரு வருடமாகத் தினக்கூலியாகவே இருந்தார். அந்த வருடம் நிரந்தரமாக்கும் பட்டியலில் தன் பெயர் இருக்கிறது என்று, நான் கேட்காமலே, வந்த இரண்டாவது நிமிடத்தில் சொன்னார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க அம்மணி, உக்காருங்க. எளநி வெட்டட்டுங்களா?" என்றார்.

"அதெல்லாம் வேண்டாங்க" என்று ஃபைலைத் திறந்தேன். அந்தத் தேதியைக் காட்டினேன். "அன்னைக்கு வெடியால ஆறு மணிக்கு நீங்களே நேர்ல பாத்து எழுதுனீங்களா?"

அவர் யோசித்தார். "அன்னைக்கு எனக்குக் காச்சலுங்க. எந்திரிக்க முடியல. என்ற சம்சாரந்தாங்க பாத்து எழுதுச்சு."

கிடைத்தது பிடி என்று நினைத்தேன். "அப்ப நீங்க பாக்கல."

"பாக்கலீங்க."

"எங்க கம்ப்யூட்டர்ல வெள்ளம் அன்னைக்கு ராத்திரிதான் வருதுங்க. ஒரு நாள் மாத்தி எழுதியிருக்கலாமில்லீங்களா?"

பின்னால் வேலியோரம் நின்றிருந்த அவர் மனைவி முன்னால் வந்தார். "இல்லீங்க அம்மணி, நான் நல்லாப் பாத்தனுங்க. அஞ்சாவது படி முங்கி..."

"நீ சித்த சும்மா இரு" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "இருக்குமுங்க. நீங்க படிச்சவீங்க. நீங்க சொன்னாச் செரிங்க" என்றார்.

அந்த 'செரிங்க' எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒப்புக்கொண்டார் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் என்ன சீமையிலிருந்தா வந்தேன்? இந்த ஊரில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவர் முகத்துக்கு நேரே 'நீங்க சொல்றது தப்பு' என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா? நாளைக் காலையிலேயே ஷாஃப்ட் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆளிடம் என் அப்பா சொல்வதும் அதே 'செரிங்க'தான். ஷாஃப்ட் அடுத்த வாரம்தான் போகும். அந்தச் 'செரிங்க'வுக்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை, மரியாதை என்றுதான் அர்த்தம். அன்றைக்கு எனக்கு அது வசதியாக மறந்துவிட்டது. அந்த அம்மாள் சொல்ல வந்ததை முழுதாகக் கேட்கவும் இல்லை. ஒரு பெண் சொன்னால் எவன் கேட்கிறான் என்று கம்ப்யூட்டர் அறையில் தினமும் பொருமிக்கொண்டிருந்தவள் நான்.

அடுத்த மாதம் துறை அதிகாரிகள் கல்லூரிக்கு வந்தார்கள். நான்தான் ப்ரொஜெக்டரில் தாளை வைத்துக் காட்டிப் பேசினேன். முதல் தடவையாகப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போயிருந்தேன். வட்டமும் நட்சத்திரமும் பொருந்தாத அந்தப் படத்தைக் காட்டி, "இந்த இடத்தில் நீர்மட்டத்தை அதற்கென்று நியமித்தவரே பார்த்து எழுதவில்லை, அதை அவரே ஒப்புக்கொண்டார்" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "மலையில மழை பிடிக்கறதுக்கு முன்னாடியே இவரு வெள்ளத்தைப் பாத்துட்டாருங்க. லஸ்கர் வேலைக்கு வராம ஜோசியத்துக்குப் போயிருக்கலாம்" என்றேன். அறையே கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் இருந்த அதிகாரி சிரித்துக்கொண்டே அணைக்கட்டின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பை வீடு வரை கொண்டுபோனேன். அம்மாவிடமும் சொல்லி அவளையும் சிரிக்க வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, பதிவேடுகளைத் திருப்பிக் கேட்டுத் துறையிலிருந்து ஒரு ஆள் வந்தார். பேச்சுவாக்கில் அவர்தான் சொன்னார். அந்த லஸ்கரை நிறுத்திவிட்டார்களாம். பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிட்டார்களாம். எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாவம் என்று தோன்றவில்லை. ஒழுங்காக வேலை பார்த்திருக்க வேண்டியதுதானே என்று தோன்றியது. பதிவேடுகள் இன்னும் தேவைப்படுகின்றன, முடிந்ததும் அனுப்புகிறேன் என்று சொல்லி அந்த ஆளை அனுப்பிவிட்டேன்.

மறுபடி ஐப்பசி வந்தது. ஒரு நாள் பொழுதோட நாலு மணிக்குப் பிடித்த மழை விளக்கு வைக்கிற நேரம் வரை கொட்டியது. பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து, நானும் அப்பாவும் வாளியில் மொண்டு வெளியே ஊற்றினோம். மறுநாள் முழுக்க நல்ல வெயில். அன்று சாயங்காலம் ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் தோசை தின்றுகொண்டிருந்தேன். "இன்று காலை எட்டரை மணியுடன் முடிவடைந்த இருபத்து நான்கு மணி நேரத்தில்..." என்று ஆரம்பித்து, கோயம்புத்தூரில் பெய்த மழையின் அளவைச் சொன்னார்கள்.

தோசைக் கரண்டியுடன் நின்ற அம்மா, "இன்னைக்கு எங்கீங்க பேஞ்சுது? நேத்துப் பேஞ்சதையல்ல இன்னைக்குக் கணக்குல சொல்றான்" என்று அப்பாவிடம் சொன்னாள்.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. முதல் வருட வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். மழைமானியை நாடெங்கும் காலை எட்டரைக்குப் பார்ப்பார்கள். இன்றைய தேதியில் எழுதுகிற மழை, நேற்றுக் காலை எட்டரையிலிருந்து இன்று காலை எட்டரை வரை பெய்த மழை. நிலத்துக்கான ப்ரோகிராமுக்கு அது தெரியும். எழுதினவர் புத்திசாலி. ஆற்றுக்கான ப்ரோகிராமுக்கு நாள் என்றால் நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிவது. அதுவும் தப்பில்லை. அங்கே வாங்கி இங்கே கொடுக்கிறவள்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். நான் தேதியை அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தேன். முந்தின நாள் பொழுதோட பெய்த மழை, என் புண்ணியத்தில், மறுநாள் பெய்ததாக ஆகிவிட்டது.

மறுநாள் காலை அறை திறப்பதற்கு முன்பே போய் வாசலில் நின்றேன். என் ப்ரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். மழையின் நேரத்தை நள்ளிரவிலிருந்து முந்தின நாள் காலை எட்டரைக்கு, பதினைந்தரை மணி நேரம் முன்னால் நகர்த்தச் சொல்லும் வரி. ஓட்டினேன். பிரிண்டர் தாளைத் தள்ளியது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வட்டங்களின் மேல் போய் உட்கார்ந்தன. உச்சம் காலை ஆறு மணிக்கு வந்தது.

திருப்பி அனுப்பாமல் வைத்திருந்த பதிவேட்டை எடுத்து, நான் தட்டாமல் விட்ட நாலாவது கட்டத்தை அப்போதுதான் படித்தேன். பென்சிலால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துபோல உருண்டையாக எழுதியிருந்தது: 'மேக்கே மலையில் நேத்துப் பொழுதோட நாலு மணிக்குப் புடிச்ச மழை. இன்னைக்கு வெடியால ஆறு மணிக்கு அஞ்சாவது படி முங்கிப் போச்சு. அவருக்குக் காச்சல். நான் பாத்து எழுதினது.'

எல்லாமே இருந்தது. மழை எப்போது பெய்தது, தண்ணீர் எப்போது வந்தது, யார் பார்த்தது, ஏன் அவர் பார்க்கவில்லை, எல்லாம். ஒளிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் யாராவது இப்படி எழுதி வைப்பார்களா?

பேராசிரியரிடம் இரண்டு தாளையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "இப்பத்தான் சரியாகிடுச்சே? விடும்மா. இப்பப் போயி நாம தப்பா சொல்லிட்டோம்னா ப்ராஜெக்ட் மேலயே சந்தேகம் வரும். உன் பேரும் கெட்டுப்போகும்" என்றார்.

நான் அங்கேயே சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். போடவில்லை. அப்பாடா என்று இருந்தது. வேறு ஒருவர் 'விடு' என்று சொல்லமாட்டாரா என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. இறுதி அறிக்கையில் அந்த அணைக்கட்டின் பதிவுகளோடு எங்கள் கணக்கு மிக நன்றாகப் பொருந்துவதாக எழுதினேன். அதே பதிவுகள் பொய் என்று முன்பு சொன்ன வாக்கியத்தை எடுத்துவிட்டேன். இது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கைகுலுக்கினார்கள்.

ஆனாலும் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காந்திபுரத்தில் ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கட் பொட்டலமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். 'தப்பு என் மேலதாங்க. ஆபீசுக்கு நானே எழுதிக் குடுக்கறேனுங்க.' அவ்வளவுதான். சின்ன வாக்கியம்தான்.

அவர் பக்கத்து ஊர்த் தறிக்குடோனில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்று வீட்டில் இருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து, நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். "வாங்க அம்மணி, வாங்க. இவ்வளவு தூரம் வெயில்ல... ஏ, அம்மணி வந்திருக்குது பாரு, காப்பி வையி" என்று உள்ளே குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இவீங்கதான், நம்ம ஆத்தக் கம்ப்யூட்டர்ல ஓட்டறவீங்க" என்று அவரிடம் பெருமையாகச் சொன்னார்.

நான் உட்கார்ந்தேன். வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

"ஆத்துக் கணக்கு செரியா வந்துதுங்களா?" என்று அவரே கேட்டார்.

"வந்துதுங்க."

"நல்லதாப் போச்சுங்க." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "உங்களப் பாத்தா ஒன்னு சொல்லோணுமுன்னே இருந்தனுங்க அம்மணி. தப்பு எங்க மேலதானுங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமுங்களா? என்ற சம்சாரம் படிக்காதது. எந்த நாளத்த எந்த நாள்ல எழுதிப்போட்டுதோ. நானாவது காச்சலோட எந்திரிச்சுப் போயிருக்கோணும். உங்களுக்கும் நெம்பச் சங்கடத்தக் குடுத்துப்போட்டமுங்க. அந்தக் கோவத்துல இதுகூட நான் மூணு மாசம் பேசவே இல்லீங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் மனைவி காப்பி டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அன்று காலை ஆறு மணிக்கு அந்தப் படியில் நின்றது யார், தண்ணீர் எங்கே இருந்தது என்பது அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் சந்தேகமில்லாமல் தெரியும். அவர் கணவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தார்.

நான் வாயைத் திறந்தேன்.

"பரவாயில்லீங்க" என்றேன்.

சொன்னது நான்தான். மன்னிப்புக் கேட்கப் போனவள், அவரை மன்னித்துவிட்டேன். அவர் நிம்மதியாகச் சிரித்தார். அந்த அம்மாள் வந்து டம்ளரை என் கையில் கொடுத்தார்.

"சக்கரை போதுங்களா அம்மணி?"

"போதுங்க" என்று சொல்லிக் குடித்தேன்.